இறுதிப் பத்தின் அவசரமும் ஐந்து நிமிட அமைதியும்

நோன்பின் முதல் வாரத்தில் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இடம் பிடிப்பதே கஷ்டம். இருபதாம் நோன்பு தாண்டியதும் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி காலி வீதிக்கும் புறக்கோட்டைக்கும் போய்விடுகிறது. பாமன்கடை, வெள்ளவத்தைப் பகுதியில் வாழும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. அஸருக்குப் பின் புடைவைக் கடைகளுக்குள் கால் வைக்க முடியாது. தையற்காரர் இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்கிறார். சின்னப் பிள்ளைக்குச் சப்பாத்து அளவில்லை. முச்சக்கர வண்டி கிடைக்கவில்லை. மஃரிபுக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும். சேர்ந்த கையோடு கஞ்சியைச் சூடாக்க வேண்டும், ரோல்ஸ் பொரிக்க வேண்டும்.

நோன்பு திறக்க உட்காரும்போது பல வீடுகளில் யாரோ ஒருவர் கத்தி முடித்திருப்பார், யாரோ ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

ரமழானின் மிகச் சிறந்த இரவுகள் இந்தப் பத்திலேயே இருக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் இந்த நாட்களில் இஃதிகாப் இருந்தார்கள், இரவுகளை வணக்கத்தால் உயிர்ப்பித்தார்கள், குடும்பத்தாரையும் எழுப்பிவிட்டார்கள். எமக்கோ ஆண்டின் மிகக் கூடிய மன அழுத்தம் இதே பத்து நாட்களில்தான் வருகிறது. நாளொன்றுக்கு ஐந்து நிமிட அமைதி இதற்கு உதவுமா, எப்படி உதவும், எந்த அளவுக்கு உதவும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடம்பில் நடப்பது என்ன?

கொழும்பில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கிறது. பசியும் தாகமும் முதல் சில நாட்களில் பழகிவிடும். தேத்தண்ணீர் குடிக்காததால் வரும் தலையிடியும் அநேகமானோருக்கு முதல் வாரத்துடன் குறைந்துவிடும். இறுதிப் பத்தில் எம்மை வாட்டுவது பெரும்பாலும் தூக்கக் குறைவு. தராவீஹ் முடிந்து, பாத்திரம் கழுவி, பதினொரு மணிக்குப் படுக்கும் ஒரு தாய் சஹருக்காக மூன்றரைக்கு எழும்புகிறார். அது நாலரை மணித்தியாலத் தூக்கம். வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணித்தியாலமாவது தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூன்று வாரமாகச் சேர்ந்த இந்தக் கடன், இருபதாம் நோன்புக்குப் பின் கோபமாக, மறதியாக, சிறிய விடயத்துக்கும் வரும் கண்ணீராக வெளிப்படுகிறது.

இதன் மேல் அவசரமும் சேரும்போது உடம்பு அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஹோர்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. துரத்தும் நாயிடமிருந்து ஓடுவதற்கு இந்த ஏற்பாடு உதவும். கடைக்காரரின் பதிலுக்காக நிற்கும்போதும், பால் பொங்கி வழியும்போதும் இது ஒன்றுக்கும் உதவாது. ஆனாலும் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இதயத் துடிப்பை நாம் நேரடியாகக் கட்டுப்படுத்த முடியாது. மூச்சை முடியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வேலை அது. மூச்சை ஆறுதலாக, நீளமாக வெளியே விடுகின்றபோது உடம்புக்கு ஆபத்து நீங்கியது என்ற செய்தி போகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தால் சிலருக்கு இந்த மாற்றம் கையிலேயே தெரியும்.

மார்க்கத்தில் ஏற்கெனவே இருப்பது

தியானம் என்றதும் இது வேறு மதத்தவரின் வழி என்று சிலர் ஒதுங்குகிறார்கள். ஆனால் தனித்திருந்து உள்ளத்தை ஒருமுகப்படுத்துவது எமக்குப் புதிதல்ல. நுபுவ்வத்துக்கு முன்பே நபி (ஸல்) அவர்கள் ஹிரா குகையில் தனித்திருந்தார்கள். உள்ளங்கள் அமைதி பெறுவது அல்லாஹ்வின் நினைவினாலேயே என்ற கருத்தை அல்குர்ஆனின் அர்ரஃத் அத்தியாயம் 28ஆம் வசனத்தில் காண்கிறோம். அல்லாஹ் எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு இருப்பதை அறிஞர்கள் முராகபா என்றும், படைப்பைப் பற்றிச் சிந்திப்பதைத் தபக்குர் என்றும், தன்னைத் தானே கணக்குப் பார்ப்பதை முஹாஸபா என்றும் அழைத்தார்கள். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவின் 38ஆம் நூலை முராகபாவுக்கும் முஹாஸபாவுக்கும், 39ஆம் நூலைத் தபக்குருக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அன்றாட வணக்கத்திலும் இது உண்டு. அவசரமாகத் தொழுத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப, மூன்று முறை மீண்டும் தொழச் சொன்ன சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ருகூவிலும் சுஜூதிலும் உடம்பு அமைதி பெறும்வரை தரித்திருக்க வேண்டும் என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட பாடம். யாராவது ஏசினால், சண்டைக்கு வந்தால் தான் நோன்பாளி என்று சொல்லிவிடும்படி வந்த ஹதீஸையும் நினைத்துப் பாருங்கள். கோபம் வருவதற்கும் வாய் திறப்பதற்கும் இடையில் ஒரு சிறு இடைவெளியை அது உண்டாக்குகிறது. மஃரிபுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது காலி வீதியில் வாகனம் ஓட்டுபவர்களுக்கு இதைவிட அவசியமான சுன்னத் வேறு எது?

கை தேய்ந்த ஒரு தாய்க்குக் கிடைத்த பாடம்

இந்த விடயத்தில் எமக்கு மிக நெருக்கமான சம்பவம் பாத்திமா (ரலி) அவர்களுடையது. திரிகை சுற்றிச் சுற்றி அவர்களின் கை நொந்துபோயிருந்தது. நபி (ஸல்) அவர்களிடம் கைதிகள் சிலர் வந்திருப்பதை அறிந்து, வீட்டு வேலைக்கு ஒரு பணியாளரைக் கேட்கப் போனார்கள். வாப்பா வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் விடயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அன்றிரவு பாத்திமாவும் அலியும் (ரலி) படுக்கைக்குப் போன பின் நபி (ஸல்) அவர்கள் அங்கு வந்தார்கள். எழும்ப முனைந்த இருவரையும் அப்படியே இருக்கச் சொல்லி, அவர்களுக்கு நடுவில் அமர்ந்தார்கள். பணியாளரைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்லித் தருவதாகக் கூறி, படுக்கும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவைகள் ஓதும்படி கற்றுக்கொடுத்தார்கள். அலி (ரலி) அவர்கள் அதன் பின் ஒருநாளும், ஸிப்பீன் போர் இரவில்கூட, அதை விட்டதில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

மகள் சொன்ன களைப்பை நபி (ஸல்) அவர்கள் பொருட்படுத்தினார்கள். இரவில் தேடி வந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பிறகுதான் கற்றுக்கொடுத்தார்கள். இந்த ஹதீஸைச் சொல்லி மனைவியின் களைப்பை மூடி மறைப்பவர்கள் அதன் முதல் பாதியையும் வாசிக்க வேண்டும்.

இன்று இந்தத் தஸ்பீஹை நாம் எப்படி ஓதுகிறோம்? விரல்கள் ஓடுகின்றன, நாக்கு அதைவிட வேகமாக ஓடுகிறது, மனம் சமையலறையில் நிற்கிறது. அரை நிமிடத்தில் நூறும் முடிந்துவிடுகிறது. நூலகத்தில் அமர்ந்து பக்கங்களைப் புரட்டிவிட்டு வாசித்தேன் என்று சொல்லும் மாணவனின் கதைதான். அதே தஸ்பீஹை ஆறுதலாக ஓதினால், நாம் தேடும் ஐந்து நிமிடம் எங்கிருந்தும் கடன் வாங்காமல் கிடைத்துவிடும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவப் பேராசிரியர் ஹேர்பேர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில், ஒரு சொல்லையோ பிரார்த்தனையையோ அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்வதும், மனம் அலையும்போது சலிக்காமல் அதற்கே திரும்பி வருவதும் உடம்பின் பதற்றத்தைக் குறைப்பதாக விளக்கினார். அந்தச் சொல் அவரவர் மதத்தின் சொல்லாக இருக்கலாம் என்பதே அவரது கருத்து.

2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையான பி.எம்.ஜே.யில் இத்தாலிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேர் கத்தோலிக்க ஜெபமாலையையும் யோக மந்திரத்தையும் ஓதியபோது, அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத்தின் இசைவும் மேம்பட்டது. திக்ரை அவர்கள் ஆராயவில்லை. ஆறுதலாகத் திரும்பத் திரும்ப ஓதுவது மூச்சை மெதுவாக்குகிறது என்ற பொது உண்மை அதில் தெரிகிறது.

2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் சஞ்சிகை 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பங்கேற்பாளர்களுடன், தொகுத்து மதிப்பிட்டது. தியானப் பயிற்சி பதகளிப்பையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கிறது என்பதற்கு நடுத்தரமான ஆதாரம் உண்டு என்பது அதன் முடிவு. பெரிய அற்புதம் எதையும் அது உறுதிப்படுத்தவில்லை. 2023இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாளுக்கு ஐந்து நிமிடம் என ஒரு மாதம் நடத்திய பரிசோதனையில், மூச்சை நீளமாக வெளியே விடும் பயிற்சி செய்தவர்களின் மனநிலை கூடுதலாக முன்னேறியிருந்ததைக் கண்டார்கள்.

ஐந்து நிமிடத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருக்கும் நேரம் பற்றி மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் ஆராய்ந்தார். பெரும்பாலான ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு செக்கன்தான். அதை மூன்று செக்கனாக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆசிரியப் பயிற்சியில் இதைப் படித்த எம்மில் பலருக்கு, அந்த இரண்டு செக்கன் மேலதிகமாகக் காத்திருப்பதே கஷ்டமான வேலையாக இருக்கிறது.

எப்படிச் செய்வது?

எந்த நேரம் வசதியோ அதை முதலில் தெரிவு செய்யுங்கள். லுஹருக்குப் பின், மஃரிபுக்குப் பத்து நிமிடம் முன், தூங்கப் போகும் முன் ஆகியவை நல்ல நேரங்கள். ஆரம்பத்தில் ஒன்று போதும்.

1. ஸலாம் கொடுத்த பின் முஸல்லாவிலிருந்து எழும்ப வேண்டாம். கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் கதிரையில் அமரலாம்.

2. முதல் ஒரு நிமிடம் மூச்சுக்கு. மூக்கால் நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. தோள்களைத் தளர விடுங்கள். ஆறு மூச்சில் நிமிடம் முடிந்துவிடும். மூச்சை அடக்கிப் பிடிக்கத் தேவையில்லை. தலை சுற்றினால் வழமையான மூச்சுக்குத் திரும்புங்கள்.

3. அடுத்த மூன்று நிமிடம் தஸ்பீஹுக்கு. ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, பொருள் விளங்க ஓதுங்கள். மனம் தையற்கடைக்குப் போகும். போனது தெரிந்ததும் திரும்பி வாருங்கள். எத்தனை தடவை போனாலும் அது தோல்வியாகாது, திரும்பி வருவதுதான் பயிற்சி.

4. கடைசி நிமிடம் முஹாஸபாவுக்கு. இன்று கட்டாயம் செய்ய வேண்டிய வேலை எது, விட்டுவிட்டாலும் பெருநாள் நடந்துவிடும் என்ற வேலை எது என்று உங்களையே கேளுங்கள். பின்னர் ஒரு துஆவுடன் எழும்புங்கள்.

தொழுகை இல்லாத நாட்களில் இருக்கும் பெண்களுக்கும் திக்ருக்கோ துஆவுக்கோ தடையில்லை. வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்து அவர்களும் இதைச் செய்யலாம். ரமழானில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதால், தொடர்மாடி வீடுகளில் பிள்ளைகள் நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து நிமிடம் அதிகம். நோன்பு திறக்க முன் இரண்டு நிமிடம், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பேரீச்சம்பழத் தட்டைச் சுற்றி எல்லோரும் அமைதியாக இருந்து துஆக் கேட்டாலே போதும். அது துஆ ஏற்கப்படும் நேரம் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, அந்த நேரத்தில் நாமே சமையலறையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறோம்.

இது பித்அத் ஆகாதா?

நியாயமான கேள்வி. திக்ர் சுன்னத், அதன் எண்ணிக்கை ஹதீஸில் வந்தது. மூச்சை எண்ணுவது வணக்கம் அல்ல. வெயிலில் நடந்து வந்தவர் நிழலில் சற்று நின்று ஆறுவது போன்றது அது. இரண்டையும் கலந்து, இத்தனை மூச்சுக்கு இத்தனை நன்மை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலும் ஐயமிருந்தால் உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இந்த நாட்டில் பாவனை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உட ஈரியகம தம்மஜீவ தேரரின் வழிகாட்டலில் இயங்கும் 'ஸதி பாஸல' அமைப்பு பாடசாலைகளில் மனக்குவிப்புப் பயிற்சியை அறிமுகப்படுத்தி வருகிறது. அரச பாடசாலைகளில் படிக்கும் எமது பிள்ளைகளும் இதைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தவரின் வழியைப் பரிகசிக்காமல், எமது வழியில் இதற்கு என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கக்கூடிய நிலையில் நாம் இருக்க வேண்டும். தஸ்பீஹையே அரை நிமிடத்தில் முடிக்கும் பெற்றோரால் அதைச் சொல்லிக் கொடுப்பது கடினம்.

ஐந்து நிமிடத்தால் முடியாதவை

வேலைப் பளுவை மூச்சுப் பயிற்சி குறைக்காது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் சமைத்து, கழுவி, சஹருக்கு எழுப்பி, பெருநாள் உடுப்புக்கும் அலைகிறார் என்றால், அவருக்குத் தேவைப்படுவது இன்னும் இரண்டு கைகள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னதாகப் புகாரியில் வருகிறது. தராவீஹுக்குப் பின் வாப்பாமாரும் வளர்ந்த ஆண் பிள்ளைகளும் பாத்திரங்களைக் கழுவினால், உம்மாமாருக்கு ஒரு மணித்தியாலத் தூக்கம் கூடும். மேலே சொன்ன எந்த ஆய்வையும்விட அது பெரிய மருந்து.

பணக் கஷ்டத்தையும் அது தீர்க்காது. 2022ஆம் ஆண்டு ரமழானில் எரிவாயு வரிசையிலும் மின்வெட்டிலும் நோன்பு நோற்றவர்கள் நாம். அன்று இரண்டு வகைப் பலகாரத்துடன் பெருநாள் கொண்டாடியவர்களின் பெருநாள் குறைந்துவிடவில்லை. கடன் வாங்கி உடுப்பு எடுத்து, பெருநாள் முடிந்ததும் அடகுச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவருக்கு, கடைக்குப் போகும் முன் செய்யும் அந்தக் கடைசி நிமிடக் கணக்கே உதவும்.

நோய்க்கும் இது மாற்று மருந்தல்ல. நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், பல நாள் தொடரும் தூக்கமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் ஈமான் குறைந்துவிட்டது என்று உங்களையே குற்றம் சொல்ல வேண்டாம். வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தெடுப்பவர்கள் நோன்பு கால மருந்து நேரத்தை வைத்தியருடன் பேசியே தீர்மானிக்க வேண்டும்.

பிறை இரவு

இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை, கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும் அறிவித்தலுக்காக எல்லா வீடுகளும் காத்திருக்கும். நாளை பெருநாளா, நோன்பா? இறைச்சி வாங்குவதா, வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவுவதா, தராவீஹுக்குப் போவதா? வட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொரு செய்தி பறக்கும். ஒரே மணித்தியாலத்தில் ஒரு மாதத்தின் பதற்றமும் திரண்டு வருவது அன்றுதான். அறிவித்தல் எமது அவசரத்துக்காக முந்தி வரப்போவதில்லை. மஃரிப் தொழுதுவிட்டு அந்த முஸல்லாவிலேயே ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள்.

இந்த வருடம் ஒரே ஒரு நேரத் தொழுகைக்குப் பின்னாவது தஸ்பீஹை ஆறுதலாக ஓதுவோம். ஆண்கள் அத்துடன் சமையலறைக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்ப்போம். எஞ்சிய இரவுகளை எமக்குப் பயனுள்ளவையாகவும், எமது வீடுகளை அமைதியுள்ளவையாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.